அரளிக்கு ஒரு வக்காலத்து

சேலத்தில் குடியிருந்துகொண்டு மாமரத்தைக் குறை சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுப் படியேறினால் "மாம்பழம் கொண்டு வந்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. "சௌக்கியமா?" எல்லாம் பையைத் துழாவிப் பார்த்த பிறகு. ஆனால் இதே சேலத்துக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. பக்கத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாக அரளி பயிராகிறது. விடிவதற்குள் மொட்டாகப் பறித்து, மூட்டை கட்டி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து எந்தெந்த ஊர்ச் சாமி கழுத்துக்கோ போய்ச் சேர்கிறது. "சேலத்துக்காரரா? அரளி எங்கே?" என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த ஓரவஞ்சனையைக் கேட்க ஆளில்லை என்பதால் நானே அரளிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. வாசலில் அப்பா ஆசையாக வைத்து, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்த மல்கோவா. காம்பவுண்டு ஓரத்தில், வேலி அடைக்க யாரோ ஊன்றிய குச்சி தானாகத் துளிர்த்து நிற்கும் செவ்வரளி. முன்னது குடும்பத்தில் ஒருவர். பின்னது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

மல்கோவாவின் உழைப்பை முதலில் பார்த்துவிடலாம். தை, மாசியில் பூக்கும். ஒரு பூங்கொத்தில் சில நூறிலிருந்து சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூக்கள். அவற்றுக்குக் காய்க்கும் உத்தேசமே கிடையாது. மிச்சத்தைப் பனியும் மழையும் பூச்சியும் பங்கு போட்டதுபோக, நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாகத் தேறாது. இந்த லட்சணமும் வருஷா வருஷம் இல்லை. ஒரு வருஷம் காய்த்துத் தள்ளினால் மறு வருஷம் முழு ஓய்வு. காய் சுமந்த கிளையில் சேமிப்பு காலியாகிவிடுகிறதாம். போதாக்குறைக்கு, முற்றும் கொட்டைகளுக்குள் ஊறும் ஹார்மோன் அடுத்த வருஷப் பூவுக்கும் தடை போட்டுவிடுகிறதாம். நீலம் என்று ஒரு ரகம் உண்டு. பாவம், தவறாமல் வருஷந்தோறும் காய்க்கும். அதனாலேயே அதை யாரும் கண்டுகொள்வதில்லை. மல்கோவா மனசு வைத்தால்தான் காய்க்கும். அதைப் பற்றிப் பேசும்போதே குரலில் ஒரு பணிவு வந்துவிடுகிறது.

பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வரும். மாம்பூவின் சாற்றை உறிஞ்சி, கீழே ஒரு பிசுக்கைத் தூவும். மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டரில் காலையில் உட்கார்ந்தால், எழும்போது சீட்டும் கூடவே வரப் பார்க்கும். அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூஞ்சணம் படிந்து இலையெல்லாம் அடுப்பங்கரைச் சுவராகிவிடும். இதைத் துடைக்கிற வேலை என்னுடையது. மரத்துக்கு மருந்தடிக்கிற செலவும் என்னுடையது. மரம் யாருடையது என்பதில்தான் குழப்பம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். இலக்கணம் பிசகாமல் பேசுவார். மாங்கிளை தெருவைத் தாண்டி அவர் மாடிவரை நீண்டிருக்கிறது. ஆவணியிலிருந்து பங்குனி வரை அவர் வாயில் அது "உங்க மரம்".

"சார், உங்க மரம் எங்க மாடியெல்லாம் ஒரே குப்பை பண்ணுது. ஆளை விட்டுக் கழிச்சு விடுங்களேன்."

சித்திரை பிறந்ததும் இடம், பொருள், ஏவல் எல்லாம் மாறிவிடும்.

"என்ன சார், நம்ம மரம் இந்த வருஷம் பிடிச்சிருக்கு போல?"

போன காய்ப்பில் ஒரு நாள் நல்ல காற்று. அவர் மாடியில் விழுந்த காய்களை அந்த வீட்டம்மா முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மாமரத்துக்குச் சொந்தக்காரன் மேலே பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? சாயங்காலம் தலைமையாசிரியர் வந்து கதவைத் தட்டினார். அரைக்கிலோ காய் ஒன்று அவருடைய மோட்டார் ரூம் கூரையில் விழுந்து ஷீட் விரிந்துவிட்டதாம். "உங்க மரத்துக் காய் சார்," என்றார். அதாவது, முழுசாக விழுந்த காய்கள் அவருடையவை; ஷீட்டை உடைத்த காய் மட்டும் என்னுடையது. இந்தப் பாகப்பிரிவினையை எந்தப் பத்திரத்திலும் எழுதிவைக்க முடியாது.

தெருப் பிள்ளைகள் பரவாயில்லை. கல் எறிகிறார்கள், ஓடுகிறார்கள், நேர்மையான திருட்டு. பெரியவர்கள்தான் காய் கேட்க வந்து அறிவுரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேரில் உப்பு போடச் சொன்னவர் உண்டு. மரத்தைச் செருப்பால் அடித்தால் ரோஷப்பட்டுக் காய்க்கும் என்றவரும் உண்டு. பொங்கலுக்கும் ஆயுதபூஜைக்கும் மாவிலைக்கு வருகிறவர்கள் கிளையோடு ஒடித்துக்கொண்டு போவார்கள். பறித்ததை வைக்கோலில் பழுக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதிலும் ஒரு சந்தேகம்: "கல்லு வச்சுப் பழுத்ததில்லையே?" என்பார்கள். நம் மரத்துப் பழத்துக்கு நாமே சாட்சி சொல்ல வேண்டும்.

சரி, என் வீட்டுக் கதையை விடுங்கள். மாம்பழத்தால் கலைந்த குடும்பங்களைப் புராணத்தில் பாருங்கள். ஒரே ஒரு பழம், இரண்டு பிள்ளைகள். வெட்டிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். மூத்தவர் அம்மா அப்பாவை ஒரு சுற்று சுற்றி வாங்கிக்கொண்டார். இளையவர் கோவணத்தோடு பழனி மலையேறிவிட்டார். அடுத்தது காரைக்கால் அம்மையார். பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியவை இரண்டு மாங்கனிகள். ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டு, கணவர் இன்னொன்று கேட்டபோது அம்மையார் இறைவனிடமே வாங்கி வைத்தார். சுவை தூக்கலாக இருந்ததுதான் வினை. "இது ஏது?" என்று விசாரணை தொடங்கி, கணவர் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு கல்யாணமே பண்ணிக்கொண்டார். அந்தச் சம்பவத்துக்குக் காரைக்காலில் ஆனி மாதம் திருவிழா எடுத்து, மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைக்கிறார்கள். அரளிப்பூவால் கணவன் மனைவி பிரிந்ததாக நான் எந்தப் புராணமும் கேட்டதில்லை.

மாம்பழம் என்றால் உலகமே நிதானம் இழக்கிறது. 1968-இல் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சீனத் தலைவர் மாவோவுக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தார். மாவோ அதைத் தொழிலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் அதைத் தின்னவில்லை, கும்பிட்டார்கள். மெழுகில் அச்செடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஓர் ஆலையில் பழம் அழுக ஆரம்பித்ததும் அண்டாத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி தீர்த்தம் கொடுத்தார்களாம். மாம்பழ ரசத்தை மிளகு சீரகம் இல்லாமல் இவ்வளவு பக்தியோடு வேறு யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் கட்சிக்காரரிடம் வருகிறேன். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் போனால் இந்த இரண்டின் தலையெழுத்தையும் சேர்த்தே பார்க்கலாம். சீசனில் ரோட்டோரமெல்லாம் மாம்பழக் குவியல், குடை, தராசு, பேரம். ரோட்டுக்கு நடுவில், இருபுறமும் லாரி உறும, டீசல் புகையில் குளித்துக்கொண்டு அரளி. எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைப்பது அதன் உத்தியோகம். வெயிலுக்கு வாடாது, தூசுக்குத் தும்மாது, எப்போதும் பச்சை, எப்போதும் பூ. ஆடு மாடு வாய் வைக்காது. அந்த ஒரு தகுதிக்காகவே நடு ரோட்டில் வேலை கிடைத்திருக்கிறது. எந்தப் பயணியும் வண்டியை நிறுத்திவிட்டு "என்ன வாசம்!" என்று நின்றதில்லை. நிறுத்தினால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்பது வேறு விஷயம்.

அரளியைப் புனிதராக்கிக் காட்டவும் நான் வரவில்லை. வேர் முதல் பூ வரை முழுக்க விஷம். இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடிய சரக்கு. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று சொல்லிவிட்டன. நியாயம்தான். தேனீக்களிடமும் அரளி நாணயமாக நடந்துகொள்வதில்லை. அவ்வளவு பெரிய பூவில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. போர்டு மட்டும் பளபளவென்று மாட்டிவிட்டு உள்ளே சரக்கே இல்லாத கடை. விவரம் தெரியாத தேனீ ஏமாந்து நுழைந்து ஏமாந்து வெளியேறும்போது மகரந்த வேலை முடிந்துவிடுகிறது.

மாமரம் மட்டும் என்ன பாலா சுரக்கிறது? சுரக்கிறது. அதைத்தான் சொல்கிறேன். காம்பு கிள்ளும்போது பீய்ச்சும் மாங்காய்ப்பால் உதட்டோரம் பட்டு வெந்துபோன அனுபவம் எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? சலவைக்காரர் துணியில் குறி போடுகிற சேராங்கொட்டை மாமரத்தின் பங்காளி, முந்திரியும் அப்படியே. மூன்று பேர் சாறும் தோலைப் பதம் பார்க்கும். அதற்காக யாராவது மாமரத்தை நடு ரோட்டில் நிற்கவைத்தோமா?

என் செவ்வரளிக்கு ஒரே ஒரு விருந்தாளி உண்டு. மழை விட்ட பருவத்தில் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு வரும். சாந்தமாக இலை தின்றுகொண்டிருக்கும். தொட்டால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். உடனே கழுத்துக்குப் பின்னால் வெள்ளை நடுவும் நீல விளிம்புமாக இரண்டு பொய்க்கண்கள் விரிந்து நம்மை முறைக்கும். ஊரே விஷம் என்று ஒதுக்கிய இலையை அது காம்புவரை தின்று, பச்சையும் ஊதாவும் கலந்த பெரிய அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். அறிவுரை எதுவும் சொல்லாது.

பூப்பறிக்க வருகிறவர்களும் அப்படித்தான். வாக்கிங் போகிறவர்கள் காலை ஐந்தரைக்குச் சுவரோரம் நின்று, கேரிபேக்கை விரித்து, கொக்கி வைத்த குச்சியால் கிளையை வளைத்துப் பறிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை துர்க்கைக்கு என்றால் கொஞ்சம் கூடுதல். நான் கதவைத் திறந்தால் சாமி பாடலைச் சற்று உரக்க முணுமுணுப்பார்கள். யாரும் "நம்ம செடி" என்று சொந்தம் கொண்டாடியதில்லை, ஷீட்டும் உடைந்ததில்லை.

கௌரவத்திலும் அரளி ஒன்றும் இளைத்ததல்ல. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை எல்லாருக்கும் தெரியும். நான்கு கிளையில் நான்கு சுவை என்பார்கள். திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரத்தில் தலவிருட்சமே செவ்வரளிதான். போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1945-இல் அணுகுண்டு விழுந்து பொசுங்கிய ஹிரோஷிமாவில் முதலில் பூத்த பூக்களில் ஒன்று அரளி. இன்று அந்த நகரத்தின் அதிகாரபூர்வ மலர் அது. அந்த மண்ணிலேயே பூத்ததற்கு என் வீட்டுக் காம்பவுண்டு எம்மாத்திரம்!

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "சரிங்க, அரளிக்காயில ஊறுகாய் போட முடியுமா?"

தெருக்கோடியில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த தம்பி ஒருவர், "வாசல்ல என்ன வைக்கலாம்ணா?" என்று என்னிடம் யோசனை கேட்டார். நல்ல சந்தர்ப்பம் என்று அரளியின் சிறப்புகளை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் மூங்கில் குச்சி கட்டி முழங்கால் உயரத்தில் ஒட்டுக் கன்று ஒன்று நின்றது.

"இமாம் பசந்த்ணா. மூணு வருஷத்துல காய்ச்சிரும்னு நர்சரியில சொன்னாங்க."

கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய மச்சான் முதல் காய்ப்பு தனக்குத்தான் என்று போனிலேயே சொல்லிவைத்துவிட்டாராம். எங்கள் தலைமையாசிரியரும் வாக்கிங்கில் நின்று கன்றைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம தெருவுல இமாம் பசந்த் இல்லாத குறை தீர்ந்தது" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பொருமினேன். மனைவி பூக்கூடையை என் கையில் கொடுத்தாள்.

"மூணு வருஷம்தானே? நம்ம செடியில நல்லதா நாலு பூப் பறிச்சு, சாமிக்குன்னு சொல்லி அவங்க வீட்ல கொடுத்துட்டு வாங்க. பழக்கம் விட்டுப் போகக் கூடாது."