கோடு தெரியாத கண்ணாடி

அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு பிறைகள் இருந்தன. ஒவ்வொரு சில்லின் அடியிலும் கவிழ்த்து வைத்தாற்போல ஒன்று. எதிரே உட்கார்ந்து பார்த்தால் அவர் கண்ணுக்குக் கீழே எப்போதும் தண்ணீர் தளும்பி நிற்பது போலிருக்கும். உள்ளபடி தளும்பி நின்றது என் கண்ணில்தான். பெரும்பாலும் கணக்கு மார்க் வந்த நாட்களில்.

அந்தக் கண்ணாடி வந்தது 1983ல். அப்பா மாயவரம் தாலுகா ஆபீசில் கிளார்க். அடங்கலில் 3 என்று இருந்ததை 8 என்று படித்து, அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள் பட்டமங்கலத் தெரு கண்ணாடிக்கடைக்குப் போனார். சைக்கிள் கேரியரில் நானும். கடைக்கார பாய் ஒரு கனத்த இரும்பு ஃபிரேமை மாட்டிவிட்டு, சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகினார். படிக்கக் கொடுத்தது பாம்புப் பஞ்சாங்கம். ராகுகாலம் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சாளேசரம் வந்திருக்கு சார். நாப்பது ஆச்சுல்ல?”

பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்வது போலச் சொன்னார். சாளேசரம் என்ற சொல்லிலேயே இந்திக்காரரின் நாற்பது ஒளிந்திருக்கிறது. தெலுங்கில் இதையே சத்வாரம் என்கிறார்கள். அதிலும் சமஸ்கிருத நாற்பதுதான். நம்முடைய வெள்ளெழுத்து மட்டும் வயதைச் சொல்லாமல் கண்ணில் படுவதைச் சொல்கிறது. நான் அந்தக் கட்சி.

பாய் கொடுத்த உபயோகக் குறிப்பு மொத்தமும் இவ்வளவுதான்: “மேலே எட்டம், கீழே கிட்டம், நடுவுல கோடு. கோட்டு வழியா பாக்காதீங்க. படி இறங்கும்போது தலையைக் குனிஞ்சு மேல் பக்கமா பாருங்க.” அந்தச் சில்லுக்கு அவர் சொன்ன பெயர் கிரிப்டாக். கிரேக்கத்தில் ‘மறைந்தது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பது பிற்பாடு தெரிந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1780களில் இரண்டு கண்ணாடிகளைப் பாதிப்பாதியாக வெட்டி ஒரே ஃபிரேமில் பொருத்திக்கொண்டவர். குறுக்கே ஓடிய வெட்டைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. 1908ல் வந்த கிரிப்டாக்கில் கண்ணாடிக்குள்ளேயே வேறொரு கண்ணாடியை உருக்கிப் பதித்து, கோட்டை மறைத்துவிட்டதாகப் பெயரிலேயே அறிவித்துவிட்டார்கள். மாயவரத்தில் அது எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. ஹைதராபாத் கச்சிபௌலியில் இருக்கிறேன். 2004ல் இங்கே வந்தபோது, ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தது போன்ற கருங்கல் பாறைகள் திரும்பிய பக்கமெல்லாம் நின்றன. அவை இப்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொஞ்சம் பாக்கி. மற்ற இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள்.

கண்ணாடிக்கடையில் பஞ்சாங்கம் இல்லை. டேப்லட்டைக் கையில் வைத்திருந்த பையன் என் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, “நேராப் பாருங்க சார்” என்று போட்டோ எடுத்தான். இரண்டு கண்பாப்பாவுக்கும் இடையே எவ்வளவு, ஃபிரேமின் அடியிலிருந்து பாப்பா எவ்வளவு உயரம், ஃபிரேம் முகத்தில் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, எல்லாம் அதிலேயே வந்துவிடுமாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கோடு தெரியுமா? கோடே கிடையாது என்றான். அந்த ஒரு பதிலுக்கு அப்பாவின் அரை வருஷச் சம்பளத்தைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோடு இல்லாத கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் பெர்னார் மெத்னாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவருடைய அப்பாவும் பைஃபோகல்காரர். அதை ஒருநாள் வாங்கிப் போட்டுப் பார்த்து, இதென்ன படம் இப்படித் துள்ளுகிறது என்று எரிச்சலானதில் ஆரம்பித்ததாம் வேலை. 1959ல் வேரிலக்ஸ் வந்தது. நானும் அப்பாவின் கண்ணாடியைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தவன்தான். எனக்குத் தலை சுற்றியது, திருப்பி வைத்துவிட்டேன்.

யோசனை எளியது. யானைத் துதிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பருமன், அதனால் வளைவு மந்தம்; கீழே வரவர ஒடுங்குகிறது, வளைவு கூடுகிறது. சில்லின் முகப்பை அப்படிச் செதுக்கினால் மேலே தூரப் பார்வைக்கு ஒரு பவர், அடியில் படிக்க ஒரு பவர், இடையில் படிப்படியாக எல்லாம் கிடைக்கும். 1907லேயே ஓவன் ஏவ்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிக்கல் என்னவென்றால், ஒரு புள்ளியில் நெடுக்கு வளைவும் குறுக்கு வளைவும் சமமாக இருந்தால்தான் அங்கே எழுத்து சுத்தமாகத் தெரியும். இப்படி இறங்கும் பரப்பில் அந்தச் சமாதானம் நடுவில் ஓடும் ஒற்றை ரேகையில் மட்டுமே சாத்தியம். ரேகையை விட்டு விலகினால் இரண்டு வளைவுக்கும் சண்டை. அந்தச் சண்டைக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சிலிண்டர்.

எவ்வளவு சண்டை என்பதையும் 1963ல் மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ரேகையில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பவர் எவ்வளவு கூடுகிறதோ, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சிலிண்டர் அதைப்போல இரண்டு மடங்கு கூடும். என் கண்ணாடியில் படிப்பதற்கான கூடுதல் பவர் 2 டயாப்டர். அது 14 மில்லிமீட்டரில் இறங்குகிறது. ஆக, நடுவிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வேண்டாத சிலிண்டர் ஒரு டயாப்டர். வைர முனையால் புள்ளி புள்ளியாகச் செதுக்கும் இன்றைய எந்திரமும் இந்தக் கணக்கை மீற முடியாது. அது செய்யக்கூடியது, குப்பையை எங்கே தள்ளுவது என்று தீர்மானிப்பது. மூலையில் குவித்தால் நடுக்கூடம் சுத்தம், ஆனால் மூலைப் பக்கம் திரும்பவே கூடாது. வீடு முழுக்க மெல்லியதாகப் பரப்பினால் ஓரிடத்திலும் துர்நாற்றம் இல்லை, முழுச் சுத்தமும் இல்லை. அப்பாவின் கண்ணாடியில் குப்பை ஒரே கோடாக, எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தது. என்னுடையதில் அது கண்ணியமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த நடு ரேகையைச் சுற்றிய ஒடுங்கலான தெளிவுப் பாதைக்குத் தொழிலில் பெயர் காரிடார். கச்சிபௌலி இருப்பதும் ஐடி காரிடாரில்தான். மேம்பாலத்தில் ஏறினால் ஏர்போர்ட் வரைக்கும் வெண்ணெய். 2008ல் வெளிவட்டச் சாலையின் முதல் துண்டு திறந்ததிலிருந்தே அப்படி. பாலத்தடியில் சர்வீஸ் ரோட்டில் நின்று பாருங்கள், ஆட்டோவும் தண்ணீர் லாரியும் ஸ்விக்கிப் பையன்களும் ஒருவர் மேல் ஒருவர். மின்க்விட்ஸ் இந்த ஊருக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

கண்ணாடி வந்த முதல் நாள், ரோட்டோரக் கண்ணாடிக் கட்டடங்கள் ஓரக்கண்ணில் குடித்தவர்கள் மாதிரி அசைந்தன. ராய்துர்க் மெட்ரோ எஸ்கலேட்டரில் கால் வைக்க யோசித்து நின்றதில் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. கடைக்குப் போய்ச் சொன்னேன். “அலவாட்டு அயிப்போத்துந்தி சார்,” என்றான் பையன். பழகிவிடும்.

பழகத்தான் செய்தது, கண்ணாடிக்கு நான். லேப்டாப்பில் எக்ஸெல் படிக்க நாடியை உயர்த்துகிறேன், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கத் தாழ்த்துகிறேன், மறுபடி உயர்த்துகிறேன். வீடியோ மீட்டிங்கில் எதிர்முனையில் இருப்பவருக்கு இது தலையாட்டலாகத் தெரிகிறது. அப்படித்தான் மார்ச்சில் தர வேண்டிய வேலையை ஜனவரியில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விசாரித்ததில் தப்பு என் பேரில் பாதி. போட்டோ எடுத்தபோது, கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நாடியைத் தூக்கி நின்றிருக்கிறேன். பாப்பாவின் உயரம் குறைவாகப் பதிவாகி, காரிடார் மூன்று மில்லிமீட்டர் கீழே தொடங்கிவிட்டது. அப்பாவின் கோடு அவர் வயதைத்தான் சொன்னது. என் தலை, வயதையும் சொல்லி வேலையையும் ஏற்றுக்கொள்கிறது.

இதற்கிடையே ஒரு செய்தி படித்தேன், நாடியைத் தூக்கியபடிதான். அஸ்ஸாமில் நாற்பது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரிடம் நடத்திய ஆய்வு, 2018ல் வெளியானது. சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்ததில், கொடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாகப் பறித்திருக்கிறார்கள். காரிடார் இல்லை, டேப்லட் இல்லை. ஒரே பவர்.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுடையதும் அந்த ஜாதிதான். ஸ்ரீகாகுளத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பிளாட்பாரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது. விசிட்டர் நோட்டில் எழுதும்போது மாட்டிக்கொள்வார். கேட்டில் ஹார்ன் கேட்டால் கழற்ற நேரமில்லாமல் மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாகப் பார்ப்பார்.

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு வந்தபோதும் அப்படித்தான் பார்த்தார். மார்க் ஷீட்டை எங்கே வைத்தேன் என்று ஒரு கணம் பையைத் தடவினேன்.