ஒற்றைக் கோட்டை நம்பலாமா?

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை கிட் ‘99 சதவீதம் துல்லியம்’ என்கிறதே. ஒற்றைக் கோடு வந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: தூங்கலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்க அலாரம் வைத்துக்கொண்டு. கிட் தேடுவது கருவை அல்ல, எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகே அது உடம்பில் ஏறத் தொடங்கும். கருமுட்டை வெளியேறி 6 முதல் 12 நாள் கழித்துத்தான் அந்த ஒட்டுதலே நடக்கும். சிறுநீர் பட்டையில் ஊறிப் போகும்போது, சாயம் பூசிய எதிர்ப்புரதங்கள் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு ‘டி’ கோட்டில் போய் மாட்டிக்கொள்ளும். ‘சி’ கோடு, கிட் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆகவே ஒற்றைக் கோட்டின் பொருள் ‘இல்லை’ அல்ல, ‘என் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை’.

அப்படியானால் அந்த 99 புளுகா என்றால், அதுவும் இல்லை. மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்து, முறைப்படி செய்தால் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அவசரப்பட்டு முந்தினாலோ, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தாலோ கோடு ஏமாற்றும். இரட்டைக் கோடு பொய் சொல்வது அபூர்வம். சிகிச்சைக்குப் போட்ட எச்.சி.ஜி. ஊசியோ அண்மைக் கருச்சிதைவோ காரணமாகலாம். குப்பைத்தொட்டியிலிருந்து மறுநாள் மீட்டெடுத்த பட்டையில் தெரியும் வெளிறிய கோடு, காய்ந்த சிறுநீரின் கைவரிசை. ஆனால் கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை எந்தக் கோடும் சொல்லாது. கருக்குழாயில் தங்கினாலும் இரண்டு கோடுதான். அதைக் காட்ட ஸ்கேன் வேண்டும். அடிவயிற்றில் கடுமையாக வலித்தால் கோட்டை எண்ணிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.