நாசிரோமச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

அறுபத்தொரு வயதுவரை மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையைத் தொடாமலே காலத்தைக் கழித்துவிட்டேன். ஜப்பானில் வேலைபார்த்த நாட்களில் ரயிலில் எதிரே அமர்ந்தவர் கையில் கண்டதோடு சரி. அந்தக் குறை தீர எனக்கு முதல் தரிசனமாக வாய்த்ததோ எளிய நூலன்று. சவாய் யோஷியோ அருளிச்செய்த 'போபோபோ-போ போ-போபோ' என்னும் பெருங்காவியம் அது! 2001இல் 'வாராந்தர ஷோனென் ஜம்ப்' இதழில் உதித்து, 2005க்குள் 21 தொகுதிகளாக வளர்ந்தது. பூவுலகின் தாகம் அதோடு தணியாதென்று திருவுளம் இரங்கி, 2007க்குள் இன்னும் 7 தொகுதிகளாகப் பெருகியது. இத்தகைய வள்ளன்மையை எந்த நாட்டுக் கொடைமடத்தோடு ஒப்பிடுவது!

கதையின் மாட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது விரைவில் முடிந்துவிடும். எதிர்காலத்தில் மருஹாகே பேரரசு உலகை ஆள்கிறது. அதன் மாமன்னர் த்சுரு த்சுருரீனா நான்காமவர். வழுவழு மொட்டைத்தலையைப் பெயரிலேயே சூடியவர். குடிமக்கள் எல்லாரும் மொட்டையாக வேண்டுமென்று மயிர்வேட்டைப் படையை ஏவுகிறார். அதை எதிர்க்க எழுந்தருளுகிறார் நூலின் பெயரையே தம் பெயராகக் கொண்ட நம் பாட்டுடைத் தலைவர்: பொன்னிற ஆஃப்ரோ முடி, கறுப்புக் கண்ணாடி, மலை போன்ற தோள்கள். கேசாதிபாதம் பாடப் புகும் புலவர் கேசத்தில் தொடங்கிப் பாதம்வரை இறங்கியாக வேண்டும். இப்பெருமானைப் பாடுவோருக்கோ அந்தச் சிரமமே இல்லை; மூக்கோடு நின்றுவிடலாம். அவருடைய ஆயுதம் மூக்குமயிர். அந்தப் போர்க்கலைக்கு 'ஹனகே ஷின்கென்' என்று திருநாமம். நாசித்துவாரங்களிலிருந்து இரண்டு சாட்டைகள் நீண்டு பகைவரைச் சுழற்றி அடிக்கும் அந்தக் காட்சியின் அழகை ஒருமுறை கண்டவர் சோற்றில் கைவைப்பதற்குள் நெடுநேரம் ஆகும்.

உடன்வரும் வீரர்களும் இளைத்தவர்கள் அல்லர். வாயவ்யாஸ்திரம் ஏவுவதற்குப் புராண வீரர்கள் தவம் கிடந்தார்கள். இளைஞர் ஹெப்போகோமாரு அபான வாயுவாலேயே அதைச் சாதித்துவிடுகிறார். தோகோரோ தென்னோசுகே என்பவர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் 'தோகோரோதென்' என்னும் வழுக்குப் பண்டத்தாலான மேனியர். 'நு' என்ற ஒற்றை எழுத்தின்மேல் பெரும்பக்தி கொண்டவர். ஏன் 'நு', ஏன் 'நெ' இல்லை என்று கேட்கும் சிற்றறிவை நான் இரண்டாம் நாளே துறந்துவிட்டேன்.

'ஜம்ப்' இதழ் நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்று சொற்களைத் தன் நெறியாகப் போற்றுவது. அம்மூன்றையும் இவ்வளவு உயரத்துக்கு ஏற்றிய படைப்பை எங்கே தேடுவது! அடி வரும்போது நம் தலைவர் தோழர் டான் பாட்சைப் பிடித்துக் கேடயமாக நிறுத்துவார். அவர் நைந்துபோனால் தென்னோசுகேவைப் பிடிப்பார். அதுவே நட்பு. தாக்குதலின் பெயரைப் பக்கம் அதிரக் கூவுவதே முயற்சி. என்ன நடக்கிறதென்று எதிராளிக்கு விளங்காமல் போவதே வெற்றி. அந்த மூன்றாம் பேற்றை எதிராளியோடு சேர்த்து வாசகனுக்கும் வழங்குவதில்தான் காவியத்தின் சமநீதி விளங்குகிறது.

இந்நூல் கேலி செய்ய எடுத்துக்கொண்ட மூதாதை, புரோன்சன் எழுத ஹாரா தெத்சுவோ வரைந்து 1983 முதல் 1988 வரை வந்த 'ஹொகுதோ நோ கென்'. பாவம், பழங்காலத்துப் பத்தாம்பசலிப் படைப்பு! அதில் ஒருவன் செத்தால் செத்துத்தான் போவான், உடனிருந்தவன் அழுவான், அந்த இழப்பைச் சுமந்துகொண்டே நாயகன் மேலே நடப்பான். நம் காவியம் அந்தப் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டது. இந்தக் கட்டத்தில் நசுங்கியவர் அடுத்த கட்டத்தில் வேறு உடையில், வேறு நாடகத்தில், முன்னைவிட உரக்கக் கத்திக்கொண்டு நிற்கிறார். எதற்கும் விளைவு கிடையாது என்ற இந்த அபயத்தை எந்தத் தெய்வம் தந்தது!

எல்லாவற்றுக்கும் மேலாக நான் விழுந்து வணங்குவது பியூட்டி என்னும் மங்கையின் திருப்பணியை. ஒசாகா மேடைகளில் செழித்த மன்சாய் என்னும் இருவர் நகைச்சுவையில் 'பொகே' அசடு பேசுவார், 'த்சுக்கோமி' இடித்துரைப்பார். கைதேர்ந்த த்சுக்கோமி எப்போது வாய்திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பயில்வார். அரை நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும்; முந்தினாலும் செத்துவிடும். அவ்வளவு சிரமம் எதற்கு? பியூட்டி விழி பிதுங்க, வாய் பிளக்க, பக்கத்துக்குப் பக்கம் ஒரே சுருதியில் அலறிவிடுகிறாள். எங்கே சிரிப்பது என்று வாசகன் தன் புத்தியைச் செலவழிக்கத் தேவையில்லாமல், அறிவிப்புப் பலகைபோல் நின்று காட்டித் தருகிறாள். ஒரு பெண் பாத்திரத்துக்கு இதைவிட மேலான வேலை எது?

நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கே என்று தொல்காப்பியர் கணக்கிட்டுப் போய்விட்டார். இரைச்சல் என்னும் ஐந்தாவதை அவர் அறியவில்லை. பிழை பொறுக்க வேண்டும். அவருக்கு 'ஜம்ப்' கிடைக்கவில்லை. நேராக நடக்கும் உலகம் ஒன்றை முதலில் கட்டி, பிறகு அதைத் தடுக்கி விழவைத்துச் சிரிக்கவைப்பது பழைய கஞ்சத்தனம். இங்கே உலகமே தடுக்கிவிழுந்த நிலையில்தான் தொடங்குகிறது. விழுவதற்கு மேலும் ஏதுமில்லாததால் யாருக்கும் காயமில்லை. சிரிப்புக்கும் காயமில்லை, ஏனென்றால் அதை யாரும் அங்கே வரவழைத்துத் தொல்லைப்படுத்துவதில்லை.

முதியோர்மேல் இந்நூல் காட்டும் கருணையையும் சொல்ல வேண்டும். கன்ஜி எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே ஹிரகானாவில் உச்சரிப்பை அச்சிட்டிருக்கிறார்கள்; படிக்கத் தடையில்லை. பாத்திரங்களின் பூர்வோத்திரத்தை நினைவில் வைக்க வேண்டியதில்லை. நாயகரின் உடன்பிறந்தோரைக்கூட பிபிபி-பி, புபுபு-பு, பெபெபெ-பெ என்று உயிரெழுத்தை மாற்றியே பெற்றுவிட்டார் ஆசிரியர். வம்சாவளிக்கு ஓர் அரிச்சுவடி போதும்.

முதல் தொகுதியை நான்கு நாள் பக்தியோடு முடித்தேன். வரிசை கெடுமோ என்ற அச்சத்தோடு பதினேழாம் தொகுதியைத் திறந்தேன். காவியம் என்னைக் கைவிடவில்லை. இடையில் பதினைந்து தொகுதிகளை விட்டிருந்தும் ஒரு நிகழ்ச்சியைக்கூட நான் இழந்திருக்கவில்லை.