கறுப்புத் திரைக்கு நல்ல நேரம்

ஏலே பேராண்டி, உபுண்டு போட்டிருக்கேன், என்விடியா கார்டு வெச்சிருக்கேன்னு தெரு முழுக்கச் சொன்னியே, இப்ப ஏன் மொகம் தொங்குது? திரை கறுப்பா இருக்கா? இருக்கட்டும்லே, கண்ணுக்குக் குளிர்ச்சி.

கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காத. உன் சித்தப்பன் இதே கூத்தை ஆடுனப்ப திண்ணையில உக்காந்து பாத்தவன் நான். வழி சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கு ப்ராஜெக்ட் குடுக்கணும்னா இன்னிக்கு ராத்திரிதான் அப்டேட் போடணும். அதுலயும் கெர்னலை மாத்துற அப்டேட்டாப் பாத்துப் போடு. என்விடியா டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதுசாக் கட்டணும். டி.கே.எம்.எஸ். அதைத் தானாச் செஞ்சிரும், கெர்னல் ஹெட்டர் இருந்தா. நீதான் இடம் அடைக்குதுன்னு அதை அழிச்சிட்டியே, கெட்டிக்காரன்!

உபுண்டுக்காரன் சோதிச்சு வெச்சிருக்கிற டிரைவரை எடுத்தா உன் படிப்புக்கு மரியாதை என்ன ஆகும்? கம்பெனி தளத்துலேர்ந்தே இறக்கி ஏத்து. ஏற்கெனவே உபுண்டுவோட வர்ற நூவோங்கிற டிரைவர் கார்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு உடுக்கைக்கு ரெண்டு பூசாரி, சாமி வந்தாப்பலதான்.

செக்யூர் பூட் சங்கதி இன்னும் ருசி. கையெழுத்தில்லாத மாட்யூலை அது வாசப்படி தாண்ட விடாது. அதுக்குத்தான் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டுச்சு. மறுபடி பூட் ஆகையில நீலத் திரை வந்து, சாவியைச் சேக்கவான்னு நின்னுச்சு. நீ படிக்காமலே கன்டினியூவை அமுக்கிட்டே. கல்யாணப் பத்திரிகையாவது முழுசாப் படிப்பியாலே?

கோவப்படு, தப்பில்ல. லினக்ஸைப் பெத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2012ல பின்லாந்து ஆல்டோ பல்கலைக்கழகத்துல கேமராவைப் பாத்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினவர்தான். பத்து வருசம் கழிச்சு, 2022லதான், கம்பெனி கெர்னல் மாட்யூலோட மூல நிரலைத் திறந்துவிட்டுச்சு. அதுவும் டூரிங் தலைமுறையிலேர்ந்து. நீ ரெண்டாங்கையா வாங்குன ஜி.டி.எக்ஸ். 1060 அதுக்கு முந்தின பாஸ்கல் சாதி. அதுக்கு அந்தக் கதவு திறக்காது.

சரி, மூக்கைச் சிந்தாத. பூட் ஆகும்போது எஸ்கேப்பைத் தட்டு, கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டுல போய்ப் பழைய கெர்னலை எடு. திரை வந்ததும் ஹெட்டரைப் போட்டுட்டு, உபுண்டு தர்ற டிரைவரையே ஏத்து. நீலத் திரை வந்தா இந்தத் தடவை என்ரோல் மோக்னு இருக்கிறதை அமுக்கு.

அடுத்து கார்டு வாங்கப் போனா ஏ.எம்.டி. பக்கமும் எட்டிப் பாரு. அவனோட இப்போதைய டிரைவர் 2015லேர்ந்து கெர்னலுக்குள்ளயே கெடக்கு. ஆனா அது உனக்குச் சரிவராதுலே, ராத்திரி தூக்கம் வந்துரும்.