கழுவிய காலைக் கழுவுவது ஏன்?

கேள்வி: பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவ என் வீட்டுக்காரரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். மனிதர் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டு, குதிக்கால் வெடிப்பைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனார். பிறகு சுவாமி கழுவியது எதை?
– வாசகி ஒருவர், மட்டக்குளி

பதில்: அவருடைய கூச்சத்தை, அம்மா!

இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது பேதுருவுக்கும் அதே கூச்சம் இருந்தது. அந்தக் காலத்தில் விருந்தாளியின் கால் புழுதியைக் கழுவுவது அடிமையின் வேலை. குருவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தால் யாருக்குத்தான் கால் கூசாது? கொடுக்க நமக்குத் தெரியும். காலை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். அப்படி வாங்கிக்கொள்வதற்குத்தான் அருள் என்று பெயர்.

யோவான் நற்செய்தியில் யூதாஸ் வெளியே போவது பாதம் கழுவி முடிந்த பிறகு. காட்டிக்கொடுக்கப் போகிற காலுக்கும் தண்ணீர் கிடைத்தது. சம்பளம் வேலை செய்தவனுக்கு மட்டும், அருளோ எல்லோருக்கும்.

2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமில் இளையோர் சிறையொன்றில் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள். ஒருவர் முஸ்லிம் பெண். 2016இல், பெண்களையும் தெரிந்தெடுக்கலாம் என்று வழிபாட்டு விதியே மாறியது. ஆகவே, அடுத்த முறை உங்களையும் கூப்பிடலாம். குதிக்கால் வெடிப்போடேயே போங்கள். உங்கள் ஊரில் கடலில் வந்து சேரும் களனி கங்கையை, “கழுவிக்கொண்டு வா” என்று கடல் திருப்பி அனுப்புகிறதா என்ன?