கம்பெனி விற்றவர் சும்மா இருக்கும் லக்ஷணம்

கிருஹஸ்தன் எப்பொழுது வானப்பிரஸ்தம் புகலாம் என்பதில் மநு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: தோலிலே திரையும் தலையிலே நரையும் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்டவன் காட்டை நோக்கிப் புறப்படலாம். கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஸ்டார்ட்அப் நடத்தி விற்று முடித்த முப்பது பிராயத்தவரோ, நரைக்கும் பேரனுக்கும் காத்திராமல், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தான சில மாதங்களிலேயே வனம் புகுந்துவிடுகிறார். இந்த ஆசிரம மாற்றத்தின் லக்ஷணத்தை நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதற்கண், ஓய்வு போலத் தோன்றி ஓய்வாகாத ஒரு நிலையை விலக்கியாக வேண்டும். வாங்கிய பெருங்கம்பெனி, விற்றவருக்குரிய பங்குகளைப் பெரும்பாலும் ஒரே தடவையில் கொடாமல் சில ஆண்டுத் தவணையாகக் கொடுக்குமாதலால், அவர் நாள்தோறும் ஆபீசுக்கு எழுந்தருளி, யாரும் தம்மிடம் எதிர்பாராத வேலையை யாருக்கும் இடையூறின்றிச் செய்யாதிருந்து, தவணை தீரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அவ்வூரார் இதை ‘ரெஸ்ட் அண்ட் வெஸ்ட்’ என்பர். மாதச் சம்பளத்தோடு கூடிய மோனத்தை நிஷ்டையென்று ஒப்புவதற்கில்லை, மடாதிபதிகள் மன்னிப்பார்களாக.

இனி, ஓய்வென்பது அடுத்த கம்பெனியின் கர்ப்பகாலமே என்பது பூர்வபக்ஷம். வயாவெப் என்ற கம்பெனியை 1998இல் யாஹூவுக்கு விற்று, மறு ஆண்டு சித்திரம் எழுதுவதற்கென்றே வேலையை விட்ட பால் கிரஹாம், 2005இல் பிறருடைய கம்பெனிகளுக்குப் பணமும் புத்தியும் வழங்கும் ஒய் காம்பினேட்டரின் ஸ்தாபகரில் ஒருவரானதை அப்பக்ஷத்தார் பிரமாணமாகக் காட்டுவர். 2007இல் யாஹூவை விட்டுத் தென்னமெரிக்காவில் சுற்றிய பிரையன் ஆக்டனும் ஜான் கூமும் 2009இல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்ததையும் காட்டுவர். அவ்விருவரும் அப்பொழுது உத்தியோகஸ்தரேயன்றி விற்றவரல்லராதலின் அந்தச் சாட்சியம் தள்ளத்தக்கது. எதிர்ச்சாட்சி, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் ஸ்தாபகரில் ஒருவராகிய டாம் ஆண்டர்சன். 2005இல் 58 கோடி டாலருக்கு விலைபோன மைஸ்பேஸை விட்டு 2009இல் நீங்கிய அவர், பின்னர் காமிராவும் கையுமாய் மலையையும் கடலையும் படம்பிடித்துத் திரியலானார்.

எம் மதிப்பில் இவர்களெல்லாரினும் ஊன்றி நோக்கத்தக்கவர் வினய் ஹிரேமத். 2023இல் அட்லாசியன் 97.5 கோடி டாலருக்கு வாங்கிய லூம் கம்பெனியின் ஸ்தாபகரில் ஒருவராகிய அவர், இமயமலை ஏறப் போய், பிறகு ஹவாய்த் தீவில் பௌதிகம் படிக்க உட்கார்ந்து, கையில் செல்வம் இருக்கிறது, வாழ்க்கையை என்ன செய்வதென்றுதான் விளங்கவில்லை என்னும் கருத்தை 2025இன் தொடக்கத்தில் பகிரங்கமாக எழுதினார். ஏனையோர் ஓய்வைப் பிரகடனம் செய்தார்கள். இவர் ஒருவரே அதற்குள் நுழைந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் அகப்படவில்லையென்று வந்து சொன்னவர்.

ஆகவே செயலின்மை ஓய்வுக்கு லக்ஷணமாகாது. பௌதிகக் கணக்கு ஒன்றும் செயலின்மையன்று. புதுமணப் பெண்ணிடம் மூன்றாம் மாதமே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று விசாரிக்கும் அத்தைமாரைப் போல, விருந்திலும் காப்பிக் கடையிலும் எதிர்ப்பட்டவரெல்லாம் “அடுத்து என்ன?” என்று விசாரிக்க, “ஒன்றுமில்லை” என்று எவர் விடையிறுக்கிறாரோ அவரே ஓய்ந்தவர் என்பது எம் சித்தாந்தம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கம்பெனி கைமாறுகையில் வேலையிழக்கும் சிப்பந்திகளுக்கும் திடீரென்று அவகாசம் கிட்டுகிறது. எச்-1பி விசாவில் சென்ற நம்மவர் ஒருவர் அவ்வாறு வேலையிழந்தால், பெரும்பாலும் 60 நாள்களுக்குள் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டும், இன்றேல் நாடு திரும்ப வேண்டும், அந்நாள்களில் அவர் இரவெல்லாம் ஆழ்ந்து சிந்திக்கிறார் என்பதும், “அடுத்து என்ன?” என்போருக்கு “ஒன்றுமில்லை” என்றே சொல்கிறார் என்பதும் மெய்யே. லக்ஷணம் வேண்டாதவரிடத்தும் சென்று பொருந்தும் அதிவியாப்தி தோஷத்தைப் பரிகரிக்கும் பொருட்டு, ‘எவர்’ என்ற சொல்லுக்கு முன்னே ‘வங்கியில் கோடி டாலர் உடைய’ என்னும் விசேஷணத்தைச் சேர்த்துப் படித்துக்கொள்க.