பலகைச் சாஸனம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

தமிழகத்தில் கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்ட சாஸனங்களைத் தேடிக் காடும் மேடும் அலைந்து படியெடுத்த அறிஞர் பெருமக்கள், ஜவுளிக்கடைக் கல்லாவுக்கு மேலே, சுவாமி படத்துக்குச் சற்றுக் கீழே, மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியபடி தொங்கும் ஒரு சாஸனத்தை மட்டும் ஏனோ ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார்கள். "ஒரு முறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படவோ மாற்றித் தரப்படவோ மாட்டாது" என்பது அதன் வாசகம். அதற்கு மெய்க்கீர்த்தி கிடையாது, ஆட்சியாண்டு கிடையாது, மீறுகிறவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் கிடையாது. இத்தனை குறைகளிருந்தும், சோழச் சக்கரவர்த்திகளின் ஆணைகளுக்குக்கூட இவ்வளவு பேர் இவ்வளவு மௌனமாய்க் கீழ்ப்படிந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

இச்சாஸனத்துக்குப் பிரமாணம் யாது என்பதே முதற் கேள்வி. பலகையின் பக்ஷத்தில் வாதிடுகிறவர்கள் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைச் சரணடைவார்கள். இன்ன காரியத்துக்கென்று சொல்லி, கடைக்காரரின் ஞானத்தை நம்பி வாங்கிய சரக்கு அக்காரியத்துக்குத் தகுதியாயிருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு வாங்குகிறவனுக்கு அபயம் அளித்தாலும், அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, இத்தகைய உள்ளுறை நிபந்தனைகளை இரு தரப்பாரும் வெளிப்படையாக ஒப்பி விலக்கிக்கொள்ளலாம் என்று புறக்கடைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால், கழுத்தை அண்ணாந்து பலகையைப் படிப்பதே ஒப்புதலாகிவிடுமா என்பது ஒருபுறமிருக்க, 1986இல் பிறந்து, 2019இல் புதிதாய் இயற்றப்பெற்று, 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வரத்தொடங்கிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்விவாதத்தின் அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டது. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படவில்லையெனில் முப்பது நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அது. ரசீதே கொடாதிருப்பதும் அவ்வாறே. "ஒருபோதும் இல்லை" என்பது ஒரு காலக்கெடுவாகாது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சட்டம் பேசுவது பழுதைப் பற்றி, மனமாற்றத்தைப் பற்றியன்று. கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ நிறமாய்த் தோன்றிய புடவை வீட்டு வாசலில் மஞ்சளாய்ப் போனதற்கும், நாத்தனார் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதற்கும் எந்த நீதிமன்றத்திலும் பரிகாரமில்லை. ஆயினும் கள ஆய்வில் தெரிய வருவது யாதெனில், நமது வியாபாரிகள் இதை அப்படியே தலைகீழாக அனுஷ்டிக்கிறார்கள் என்பதாம். சட்டம் வற்புறுத்தாத நாத்தனார் விவகாரத்தில், மடிப்புக் கலையாமல் பில்லுடன் வந்தால், அவர்கள் புன்முறுவலுடன் வேறு புடவையை விரித்துப் போடுவார்கள். சட்டம் வற்புறுத்துகிற சாயம் போன விவகாரத்திலோ குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தீர்களா என்பது முதல் வினா. இல்லையென்றால், அதனால்தான் சாயம் போயிற்று. ஆமென்றால், அதிக நேரம் ஊறியதால் போயிற்று. தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு இணையான பொறியை நான் கண்டதில்லை.

வியாபாரியின் மீது பழி சுமத்திவிட்டு நகர்வது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. சாஸனத்தின் வம்சாவளியைத் தேடிப் போனால், அது கடைக்காரர் சிருஷ்டித்ததன்று, அவர் தலையில் விழுந்தது என்பது புலப்படும். ஈரோட்டிலிருந்தோ சூரத்திலிருந்தோ அவருக்கு வரும் மொத்த வியாபாரியின் பில்லின் அடியிலும் பொடி எழுத்தில் இதே வாசகம் இருக்கிறது. போதாக்குறைக்கு, வழக்குகள் யாவும் சூரத் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்ற உபசாஸனமும் இருக்கிறது. மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் நுகர்வோரே அல்லர் என்று சட்டம் அவரை வெளியே நிறுத்திவிடுவதால், பழைய 1930ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சிவில் நீதிமன்றத்தின் படியைத்தான் ஏற வேண்டும். அவரிடம் வாங்குகிற நமக்கோ, ஐந்து லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமேயின்றி, வக்கீலும் வைக்காமல், நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் முறையிடும் பாக்கியம் வாய்த்திருக்கிறது. இடையில் அகப்பட்ட சிறு வியாபாரி, மேலிருந்து வந்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே அனுப்பிவைப்பதில் அதிசயமொன்றும் இல்லை.

அப்படியானால், செல்லாத பலகையைக் கழற்றிவிடாமல் ஏன் வைத்திருக்கிறார் என்ற பிரதான பிரமேயத்துக்கு வருவோம். பலகை இல்லாத கடையில் பழுதான வேட்டியை மாற்றித் தருவது கடமை. அதைச் செய்த கடைக்காரருக்கு எவரும் நன்றி சொல்லப்போவதில்லை. பலகை தொங்குகிற கடையிலோ அதே காரியம் தயவாக உருமாறிவிடுகிறது. அவர் முதலில் பலகையை நோக்குகிறார். பிறகு வாடிக்கைக்காரியை நோக்குகிறார். பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காகத்தான்கா மாத்தித் தரேன், வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறார். சட்டப்படி தனக்குச் சேரவேண்டியதையே வரமாய்ப் பெற்ற அந்த அம்மாள், நெகிழ்ச்சி மேலீட்டால் இரண்டு துண்டும் ஓர் உள்பாவாடையும் கூடுதலாக வாங்கிக்கொண்டு, ரகசியத்தைக் காப்பாற்றும் உறுதியோடு படியிறங்குகிறாள். இதே ரகசியத்தை அந்தத் தெருவில் எல்லா வீட்டாரும் தனித்தனியே காப்பாற்றி வருகிறார்கள்.